ஓட்டைக்கு ஒரு உறை

யாருடைய கோட்டுக்கோ இடது கையை வலது பக்கத்தில் வைத்துத் தைத்திருந்தாள். பார்த்த பிறகும் பதற்றம் வரவில்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் நேராகத் தைப்பாள் என்று தெருவே சொன்ன கை அது. இப்போது கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே கோணல்மாணலாகப் போகிறது. பிரிக்கலாம் என்று நினைத்தாள். நினைத்ததோடு சரி. தலை கனத்தது, வயிற்றைப் புரட்டியது. கேஸ் ஹீட்டரில் எரியும் தீயைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கோடை முடிவதற்குள் புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே. ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்ததில் அழ நேரமில்லை. எல்லாரும் போகட்டும், அழுதுகொள்ளலாம் என்று வைத்திருந்தாள். எல்லாரும் போனார்கள். குளிர் வந்தது. அழுகை வரவில்லை. சரியான கல்நெஞ்சுக்காரிதான் நான் என்று தன்னையே திட்டிக்கொள்வாள், அதுவும் அரைமனதோடுதான்.

முதல் குளிர்காற்றுக்கே வீடு நடுங்கியது. பீரோவிலிருந்த அவருடைய பழுப்புக் கம்பளிக் கோட்டை எடுத்து வெட்டினாள். ஜன்னல் இடுக்குகளுக்குப் பட்டை, கதவுக்கு அடியில் துண்டுத்துணி திணித்த நீளப் பை. ஹீட்டருக்கு மேலே சுவரில் காற்றுக்காக விட்டிருந்த ஓட்டைக்கு அளவெடுத்து ஓர் உறை, எலாஸ்டிக் வைத்து. தையல்காரி வீட்டில் காற்று நுழையலாமா? அந்தக் குளிரில் அவள் ஒழுங்காகத் தைத்தது அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு நீலமாக எரிந்த தீ மஞ்சளாகிப்போனது. பார்க்க இதுதான் கதகதப்பாக இருக்கிறது என்று தையல் மெஷினை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். சுவரில் கரி படிந்தது. காலண்டரை மாட்டி மறைத்தாள். ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது, துடைத்தாள். தலைவலிக்கு டாக்டரிடம் போனதில், மனசுதான் காரணம் என்றார். இருக்கும் என்று வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வருவாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் ஜன்னலையெல்லாம் படார் படாரென்று திறப்பாள். மூடின அறை அவளுக்கு ஆகாது. கொஞ்ச நேரத்தில் இவளுக்குத் தலைவலி விட்டுவிடும். நீ வந்தால் போய்விடுகிறதே அக்கா என்பாள். அக்கா உருகிப்போவாள். லாரி ஓட்டி ஓய்ந்த அக்கா புருஷன் மட்டும், எல்லாம் நடிப்பு, நம் வீட்டில் வந்து உட்காரப் போடுகிற திட்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது இவள் காதுக்கும் வந்திருந்தது.

இந்த ஞாயிறு அக்காவுக்குக் காய்ச்சல். சாப்பாட்டைக் கொடுத்து அவரை அனுப்பியிருந்தாள். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வந்தவருக்குக் குளிர் ஆகாது. ஜன்னல் பக்கமே போகாமல் நாற்காலியை ஹீட்டரை ஒட்டிப் போட்டுக்கொண்டார். அவள் சும்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள், கோத்த நூலை உருவி மறுபடியும் கோத்தாள். அவர் நெற்றியைத் தேய்க்க ஆரம்பித்தார்.

"ஏம்மா, உனக்குத் தலைவலி எப்படி இருக்கும்?"

"கயிறு போட்டு இறுக்குற மாதிரி, மாமா. வயித்தப் பெரட்டும்."

நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்த கையை அவர் எடுத்தார்.

"எனக்கும் அப்படித்தான் இருக்கு" என்றார், திருடி மாட்டிக்கொண்டவர் போல.

பிறகு தீயைப் பார்த்தார். அதன் நிறத்தைப் பார்த்தார். கண்ணாடியில் வழியும் தண்ணீரை, காலண்டர் ஓரத்தில் எட்டிப்பார்த்த கரியைப் பார்த்தார். மூடின ஷெட்டில் வண்டி எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கிய ஒருவனைத் தூக்கி வெளியே போட்டவர் அவர். சட்டென்று ஹீட்டரை அணைத்தார். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். கம்பளிப் பட்டைகளைப் பிய்த்தெறிந்து ஜன்னலைத் திறந்தார். தையல் பிரியுமே மாமா என்றாள். அவர் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தார்.

"நீ நடிக்கிறேன்னு சொன்னேம்மா" என்றார் மூச்சு வாங்க. அவள் கையோடு வந்துவிட்ட நூலை விரலில் சுற்றினாள்.

மறுநாள் வந்த கேஸ் மெக்கானிக் சுவரிலிருந்து உறையைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யார் தைத்தது என்று கேட்டார்.

"நான்தான்."

"கச்சிதமா இருக்கு. ஒரு பொட்டுக் காத்துகூட உள்ள வந்திருக்காது."

மஞ்சள் தீ, கரி, வழியும் கண்ணாடி, ஜன்னலைத் திறந்தால் விடும் தலைவலி எல்லாம் ஒரே நோய் என்றார். காற்றில்லாமல் எரிந்த தீ விஷத்தைக் கக்கியிருக்கிறது, அதற்கு வாசனைகூடக் கிடையாது, இன்னும் சில நாள் போயிருந்தால் கதவை உடைத்துத்தான் உங்களை எடுத்திருக்க வேண்டும் என்றார். இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போனார். புது ஹீட்டர் வரும்வரை எங்களோடு இரு என்று மாமாவே போன் பண்ணினார். சாயங்காலம் வருவதாகச் சொன்னாள்.

திறந்த ஜன்னல் பக்கம் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். தலை கழுவிவிட்டது போல இருந்தது. தப்பாகத் தைத்த கோட்டுக் கையைப் பிரித்தாள், மாற்றி வைத்தாள். கை தானாக நேரே போனது. அது முடிந்ததும் மேஜையில் கிடந்த உறையை எடுத்தாள். அப்போதுதான் பார்த்தாள், உள்பக்கம் புருஷனுடைய கோட்டுப் பை அப்படியே இருந்தது. வெட்டும்போது அது கண்ணிலேயே படவில்லை.

பைக்குள் கையை விட்டாள். உள்ளே ஒன்றுமில்லை. குளிருக்கு அவர் கை வைத்து வைத்துத் துணி அந்த வடிவத்துக்குத் தொய்ந்திருந்தது, அவ்வளவுதான்.

வலித்தது. தலை அல்ல.

சுவர் ஓட்டை வழியாகக் காற்று நேரே வந்தது. காலண்டர் படபடத்து, கரி தெரிந்தது, மறைந்தது, மறுபடியும் தெரிந்தது. அவள் பையிலிருந்து கையை எடுக்கவில்லை.