அப்பா மென்ற வெற்றிலை

சிராங்கூன் ரோட்டுப் பின்சந்திலிருந்த மாட்டுக் கொட்டகையில் ஒரே ஒரு பசுதான் மிஞ்சியிருந்தது. ஜப்பான்காரர்கள் சிங்கப்பூரைப் பிடித்து, ஊர் பெயரே சியோனான் என்று மாறி, கடைகளில் டின் பால் மறைந்துபோன காலம். செல்லக்கண்ணுவின் கைக்குழந்தைத் தம்பி அந்தப் பசுவின் பாலில்தான் பிழைத்துக் கிடந்தான்.

அப்பா இல்லாத நேரம் பார்த்து மாட்டுத் தரகர் வேலாயுதம் வந்தார். "மாட்டை இறைச்சிக்கு ஜப்பான்காரங்க கேக்கிறாங்க. மூணு மூட்டை மரவள்ளி தரேன்னு அப்பாகிட்ட சொல்லு" என்று வெற்றிலைத் தட்டை அவள் கையில் திணித்துவிட்டுப் போனார். வேற்றாள் எதிரே வந்தாலே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

சந்தை வழக்கம் அவளுக்குத் தெரியும். தரகர் தந்த வெற்றிலையை மென்றால் பேரம் முடிந்தது. மனமில்லை என்றால் தட்டை அப்படியே திருப்பிவிட வேண்டும். தட்டை மாட்டுத் தொட்டியின் விளிம்பில் வைத்துவிட்டு, அழுத தம்பியைத் தூக்க ஓடினாள்.

திரும்பியபோது அப்பாவின் வாய் சிவந்திருந்தது.

"வெத்தலையக் கண்ணால பாத்து எத்தனை நாளாச்சு! யாரும்மா குடுத்தா?"

அவள் சொன்னாள். அவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"மென்னுட்டேனே. இனி பேச்சு மாறினா சந்தையில என்னை யாரு மதிப்பா?"

காலையில் வேலாயுதம் கயிற்றோடு வந்து நின்றார். "என்ன மாணிக்கண்ணே, வாய் இன்னும் செவப்பா இருக்கே. நல்ல வெத்தல லா!"

அப்பா தலையைக் குனிந்துகொண்டு மாட்டை அவிழ்க்கப் போனார். ஜப்பான் சண்டைக்கு முன் சில வாரங்கள் வணிகப் பள்ளியில் படித்த ஒப்பந்தச் சட்டத்தின் முதல் பாடம் செல்லக்கண்ணுவின் நெஞ்சில் இடித்துக்கொண்டே இருந்தது.

"அவுக்காதீங்கப்பா." அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. தரகர் பக்கம் திரும்பினாள். "நீங்க கேட்டது அப்பாவுக்குத் தெரியாது. தெரியாம மென்னது சம்மதம் ஆகாது. சட்டத்துல இருக்கு."

"எந்தச் சட்டம்? வெள்ளைக்காரனோட ஓடிப் போச்சே, அதா?"

அவள் மாட்டின் கயிற்றை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப சந்தைக்குப் போவோம். மாட்டுக்காரர் கையில குடுக்காம, பொண்ணு கையில திணிச்ச வெத்தல செல்லுமான்னு கேப்போம்."

"நீ? சந்தையில வந்து வாய் தொறப்பியா?"

"தொறப்பேன்."

வேலாயுதம் அவளையே பார்த்தார். சந்தையில் பெயர் கெட்டால் அவருக்குப் பிழைப்பு ஏது? மடியிலிருந்து புது வெற்றிலை எடுத்து அப்பாவிடம் நேராக நீட்டினார். "மூணு மூட்டை. என்ன சொல்றீங்க?"

அப்பா அந்தப் பச்சை இலையை ஆசையோடு பார்த்தார். எச்சில் விழுங்கினார். "வேணாம்ப்பா."

"சரி." தரகர் கயிற்றைத் தோளில் போட்டார். "நான் வெத்தலையோட வந்தேன் பாப்பா. அடுத்து வர்றவங்க அதைக் கொண்டுவர மாட்டாங்க."

அவர் சந்து திரும்பிய பிறகும், மாட்டின் கயிற்றைப் பிடித்த கையைச் செல்லக்கண்ணு தளர்த்தவில்லை.