எட்டு தடவை தாங்கும் தூள்

ஓட்டல்களில் பொரித்து மிஞ்சிய எண்ணெயை எங்கள் ஆலையில் டீசலாக்குகிறோம். எண்ணெயோடு மெத்தனாலும், சுட்ட முட்டை ஓட்டுத் தூளும் சேர்த்துச் சூடாகக் கலக்க வேண்டும். வினையைத் தூண்டுவது அந்தத் தூள்தான். வேறு மருந்தென்றால் கரைந்துபோகும், ஒரே தடவையோடு சரி. தூளை வடிகட்டி எடுத்து மறுபடி போடலாம். எத்தனை தடவை போடலாம் என்று பார்ப்பதுதான் ஆய்வுக்கூடத்தில் என் வேலை.

எட்டு என்று எழுதிக் கொடுத்தேன். பொய்.

பொய்யாகத் தொடங்கவில்லை. வடிதாளில் கொஞ்சம் தூள் ஒட்டிக்கொண்டது, ஈடுகட்ட ஒரு கரண்டி புதுசு போட்டேன். எல்லோரும் செய்வதுதான். மூன்றாம் சுற்றில் தூளே கரைய ஆரம்பித்தது, என் கையும் தாராளமானது. எட்டாவது சுற்றில் பாத்திரத்தில் இருந்தது முக்கால்வாசி புதுத் தூள். அந்தக் கரண்டிகளைப் பற்றி அறிக்கையில் நான் மூச்சு விடவில்லை.

தூள் தயாரிப்பது என் அண்ணி. நான்தான் சேர்த்துவிட்டேன். பேக்கரிகளிலிருந்து வரும் முட்டை ஓடுகளை ஊறவைத்து, உள்சவ்வை நகத்தால் உரித்து, காயவைத்து அரைத்துச் சுட்டுத் தருவார். அண்ணன் படுத்த படுக்கையானதிலிருந்து வீடு ஓடுவது அந்த வேலையில்தான்.

வெள்ளிக்கிழமை முதலாளி எல்லோரையும் கூப்பிட்டார். "நம்ம தூள் எட்டு தடவை தாங்குது! இனிமே இவ்வளவு ஓடு வேண்டியதில்ல." பிறகு அண்ணியிடம், "திங்கள்லேருந்து நீங்க வர வேண்டாம்மா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். யாரோ கை தட்டினார்கள். வெட்கங்கெட்ட நானும் தட்டினேன்.

வாசலில் அண்ணி என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? உனக்கு நல்ல பேரு கிடைச்சிருக்கு, சந்தோஷப்படு."

"அண்ணி, அந்த எட்டு தடவை..."

"தெரியும். சுத்துக்குச் சுத்து புதுத் தூள் கேட்டு வாங்கினியே, சுட்டுக் கொடுத்தவளுக்குத் தெரியாதா? முதலாளி போன வாரம் எங்கிட்ட கேட்டாரு, நெஜமாவே எட்டு தடவையான்னு. ஆமான்னுட்டேன்."

"ஏன் அண்ணி? உங்க வேலைதானே போச்சு!"

"வேற என்ன சொல்லச் சொல்ற? நம்ம வீட்டுப் பொண்ணு பொய் சொல்றான்னு என் வாயால சொல்லுவேனா?"

இனி நான் உண்மையைச் சொன்னால் அண்ணியும் பொய் சொன்னவராகிவிடுவார். வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு நல்ல சாக்கு கிடைத்துவிட்டது. அது கிடைத்ததும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. பொய் எழுதியபோதுகூட நான் இவ்வளவு கூசிப்போகவில்லை.