வியாழக்கிழமை மெழுகு

ராக்காயி வீட்டுப் பீங்கான் மெழுகுவர்த்தித் தாங்கியில் முப்பத்தோரு வருஷமாக யாரும் மெழுகுவர்த்தி ஏற்றியதில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமைதோறும் விளக்கு வைக்கும் நேரத்தில் அதன் கிண்ணத்தில் சூடான மெழுகு வடிந்து நிற்கும். மலேசியாவில் கோலா கெத்தில் பக்கம் இது எல்லோருக்கும் தெரியும். செம்பனை விலையைப் பேசுவதுபோல இதையும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போவார்கள். தாங்கிகள் இரண்டாக இருந்தவை. தோட்டம் கைமாறியபோது துரை அவற்றைத் தன் பங்களாச் சமையற்காரன் முனியாண்டிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். முனியாண்டி ஒருநாள் பெண்டாட்டி ராக்காயியோடு சண்டை போட்டுக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். செத்திருப்பான் என்றது ஊர். எங்கோ உட்கார்ந்து அதன் ஜோடியை ஏற்றுகிறான் என்றாள் ராக்காயி. அந்த மெழுகை நம்பித்தான் அவள் தாலியும் பொட்டுமாக இருந்தாள்.

சுங்கை பட்டாணியில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் ஜலீலிடம் ஒருமுறை அதைக் கொண்டுவந்தாள். விற்க அல்ல, ஜோடி எங்காவது கண்ணில் பட்டால் அவருக்கு அடையாளம் தெரிய வேண்டும் என்று. ஜலீல் நகத்தால் சுண்டினார், ஓசை நீண்டு ஒலித்தது. மெல்லிய விளிம்பை வெளிச்சத்தில் பிடித்தார், பின்னால் விரல் நிழலாடியது. அடிப்பக்கம் பளபளப்பு ஏறாத இடத்தில் ஒரு நீலக் குறியும், கீறி எழுதிய பதினேழு என்ற எண்ணும் இருந்தன.

"ஜெர்மன் சாமான்க்கா, நூத்தம்பது வருஷம் இருக்கும். தண்டுல நிக்கிற இந்தப் பொம்பளப் புள்ள பொம்ம வலப்பக்கம் பாக்குது. ஜோடியில ஒரு பையன் இடப்பக்கம் பாத்து நிப்பான். ஒத்தையா இருந்தா மதிப்பே இல்ல."

"எனக்கும் அப்படித்தானே, பாய்," என்றாள்.

இரண்டு வருஷம் கழித்து பாலிங்கில் இராசாத்தி என்பவள் வீட்டைக் காலிசெய்கிறாள் என்று ஜலீல் போனார். பழைய அலமாரிக்குள் பையன் இடப்பக்கம் பார்த்து நின்றான். கவிழ்த்துப் பார்த்தார். பதினேழு.

"எங்க வீட்டுப் பெரியவரோடது. வெள்ளிக்கிழமை பொழுது சாஞ்சா இத ஏத்தாம சோறு திங்க மாட்டாரு. யாருக்குன்னு நான் கேட்டதில்ல. மாசியில போயிட்டாரு. அப்புறம் நாந்தான் ஏத்துனேன். இனி மக வீட்டுக்குப் போறேன், வேணாம்."

பையனை வாங்கிக்கொண்டு, ராக்காயியிடம் சொல்லிவிடுவது என்று புறப்பட்ட ஜலீல், கோலா கெத்தில் வரை வந்து வண்டியைக் கடைப் பக்கம் திருப்பினார். செய்தி சொல்ல வாய் வரவில்லை. வாராவாரம் பையனில் மெழுகுவர்த்தி ஏற்றக் கை வந்தது. அங்கேதான் சறுக்கினார். அவர் வளர்ந்த வீட்டில் நாள் மஃரிபில் பிறக்கும். வியாழன் சூரியன் விழுந்தால் வெள்ளி வந்தாயிற்று. இன்னொரு கணக்கு உண்டு என்பதே அந்த மனிதருக்குத் தோன்றவில்லை.

நாலாவது வாரம் ராக்காயி பஸ் பிடித்து வந்து கடையில் நின்றாள்.

"வியாழக்கிழமை வடியுது, பாய். வெள்ளியில காஞ்சு கெடக்கு. அவரு நாள் தப்புற ஆளு இல்ல. வியாழன் சாயங்காலத்த வெள்ளின்னு எண்ணுற ஆளு, எனக்குத் தெரிஞ்சு நீங்கதான்."

ஜலீல் பையனை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"எப்போ?"

"மாசியிலக்கா."

முந்தானையால் பொட்டைத் துடைத்துவிட்டு அவள் வாய்விட்டு அழுதாள். ஜலீலுக்கும் தாங்கவில்லை. "எடுத்துட்டுப் போங்கக்கா, ஜோடி சேரட்டும்," என்று தாங்கியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"ரெண்டும் எங்கிட்ட இருந்தா எனக்கு யாரு ஏத்துவா? இங்கயே இருக்கட்டும் லா. நாள மட்டும் மாத்தாதீங்க. வெள்ளி அவரோடது."

ஜலீல் மாற்றவில்லை. வியாழன் மஃரிபுக்கு அவர் ஏற்றுகிறார், கோலா கெத்திலில் வடிகிறது. அடுத்த நாள் வெள்ளி. வாராந்தர விடுமுறை என்று கடை பூட்டிக் கிடக்கும், பையன் இருட்டில் நிற்பான். யாரும் ஏற்றாத அன்றைக்கும் இப்போது பொழுது சாய்ந்தால் ராக்காயி வீட்டில் வடிகிறது. ராக்காயி இரண்டு மெழுகையும் சுரண்டித் தனித்தனி டின்னில் போட்டு வைக்கிறாள்.