ரோஸ் சட்டை

ஞானபாக்கியம் டீச்சருக்கு ஒன்று சரி என்று பட்டுவிட்டால் பட்டதுதான். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை அதட்டியே ஓய்வு பெற்றவள். மகன் பிரைட்டன் போன தோணி மணப்பாட்டுக்குத் தெற்கே கவிழ்ந்து, மற்ற எல்லாரையும் மீட்டுவிட்டார்கள், அவனை மட்டும் காணவில்லை என்று ஆட்கள் வந்து சொன்னபோதும் அவள் அழவில்லை. "உடம்பு கெடைக்கலல்லா? அப்போ எம்புள்ள சாவல" என்றாள். அதற்கு மேல் அவளிடம் வாய் கொடுக்க யாருக்குத் துணிச்சல்?

பிரைட்டன் மரைன் படிப்புப் படித்தவன். கப்பல் வேலைக்கு ஆசை காட்டியவர்கள் கடைசியில் கையை விரித்துவிட, மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றும் தோணியில் என்ஜின் பார்க்கப் போனான். புறப்பட்ட அன்று பழைய துறைமுகத்தில், வெள்ளைச் சாக்கு மூட்டைகள் அடுக்கியிருந்த இடத்தில் நின்று, அப்போதுதான் வாங்கிய சட்டையோடு ஒரு போட்டோ எடுத்துத் தங்கை ஈவாஞ்சலினுக்கு அனுப்பினான். டீச்சர் அதைப் போனில் ஒரே ஒரு தடவை பார்த்தாள், அதுவும் மூக்குக்கண்ணாடி போடாமல். "தலையச் சீவுனானான்னு பாருளா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கடைசிப் படம் என்று யார் கண்டார்கள்!

அந்தப் படத்தைத்தான் பிறகு பெரிதாகப் போடச் சொல்லி, மகளையும் இழுத்துக்கொண்டு கிளைட்டனின் ஸ்டுடியோவுக்குப் போனாள். லேபில் கொடுத்து இரண்டு நாளில் தருகிறேன் என்றார் கிளைட்டன். அதெல்லாம் முடியாது, சாயங்காலம் வீட்டில் ஜெபக்கூட்டம், பிள்ளை படம் இப்போதே வேண்டும் என்று டீச்சர் ஒற்றைக்காலில் நின்றாள். கடையில் இருந்த பிரிண்டரிலேயே போட்டுக் கொடுத்தார்.

"டை இங்க் டீச்சர் இது, வெறும் சாயம். பாக்கப் பளிச்சுன்னு இருக்கும், ஆனா தாங்காது. டப்பால நூறு வருசம்னு போட்டிருப்பான், அது ஆல்பத்துக்குள்ள மூடி வச்சா. நீங்க கடலுக்குப் பக்கத்துல இருக்கிய. கண்ணாடி போடாம மாட்டிராதிய. நம்ம காத்துக்கு மொதல்ல நீலம்தான் போவும்."

"சரி, சரி" என்றாள் டீச்சர். கேட்டால்தானே! வீட்டுக்கு வந்ததும் சட்டகத்திலிருந்து கண்ணாடியை உருவி எறிந்துவிட்டாள். கண்ணாடி இருந்தால் பிள்ளையின் கன்னத்தைத் தடவ முடியாதாம். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில், நல்ல வெளிச்சத்தில் மாட்டினாள். மாலை கூடாது, மாலை செத்தவர்களுக்கு. அதற்குப் பதிலாக, அந்த வருஷம் குருத்தோலை ஞாயிறன்று பிரைட்டனே கோயிலிலிருந்து கொண்டுவந்து வாசல் நிலையில் செருகியிருந்த ஓலைச் சிலுவையை எடுத்து, படத்தில் அவன் நெஞ்சின் மேல் செல்லோ டேப்பால் அழுத்தி ஒட்டினாள். ஆண்டவர் காக்கட்டும் என்று.

காற்று வந்தது, வெயில் வந்தது. ஜன்னல் கம்பியையே அரித்துத் தின்கிற காற்று, ஒரு காகிதத்தையா விடும்? படம் சிறுகச் சிறுகச் சிவந்தது. நாளும் பொழுதும் பார்க்கிற கண்ணுக்கு அது எப்படித் தெரியும்? "எம்புள்ள நெறம் கூடிட்டு வாரான்" என்று டீச்சர் பூரித்துப்போனாள். ஈவாஞ்சலினிடம் ஒத்துப் பார்க்க வேறு படம் இல்லை. அவளுடைய பழைய போன் அதற்குள் தண்ணீரில் விழுந்து செத்துவிட்டது, கிளைட்டனும் கம்ப்யூட்டரில் பழையதை அழித்துவிட்டார். பிரைட்டன் என்று மிஞ்சியது அந்தச் சுவரில் இருந்தவன் மட்டும்தான்.

அடுத்த குருத்தோலை ஞாயிறுக்கு டீச்சர் கோயில் பக்கமே போகவில்லை. பிள்ளையைத் திருப்பித் தராத ஆண்டவரோடு அவளுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. பழைய ஓலையும் இருந்த இடத்திலேயே இருந்தது.

பிறகு ஒரு மழைக்காலத்தில், ஒரு விசைப்படகின் வலையில் சில எலும்புகளும் ஒரு நைலான் சட்டையும் சிக்கின. போலீஸிலிருந்து கூப்பிட்டார்கள். மேசை மேல் விரித்து வைத்திருந்தார்கள். கடல் தின்றது போக மிச்சம், ஆனால் நீலம் என்பதில் சந்தேகமே இல்லை. டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"இது எம்மவன் சட்டையில்ல சார். அவன் போட்டிருந்தது ரோஸ். நாந்தான் நெதம் பாக்கேனே, எனக்குத் தெரியாதா?"

இன்ஸ்பெக்டர் ஈவாஞ்சலினைப் பார்த்தார். அவள் சட்டையைப் பார்த்தாள், அம்மாவின் சிரிப்பைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். "ரத்தம் குடுத்தியன்னா டெஸ்ட் பண்ணி உறுதியாப் பாத்துரலாம்மா" என்றார் அவர் பொறுமையாக. "உயிரோட இருக்கவனுக்கு நான் எதுக்கு சார் ரத்தம் குடுக்கணும்?" என்று டீச்சர் எழுந்துவிட்டாள். கேட்பாரற்ற எலும்புகளைப் பிறகு பொது மயானத்தின் ஒரு மூலையில் புதைத்தார்கள்.

டீச்சருக்கும் ஆண்டவருக்கும் சமாதானமாயிற்று. அடுத்த ஞாயிறே கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை படைத்தாள். சபைக்கு முன்னால் எழுந்து நின்று, என் மகன் உயிரோடிருக்கிறான் என்று சாட்சி சொன்னாள். மதியம் மீன்குழம்பு வைத்து நன்றாகச் சாப்பிட்டாள். பாவம், நன்றாகவே சாப்பிட்டாள்.

இந்த வருஷம் குருத்தோலை ஞாயிறுக்கு அவள்தான் முதல் ஆளாகக் கிளம்பினாள். பவனியில் ஓசன்னா பாடிக்கொண்டு முன்வரிசையில் நடந்தாள். ஈவாஞ்சலின் கையில் இரண்டு ஓலைச் சிலுவைகள் இருந்தன.

"எதுக்குளா ரெண்டு? சின்னப் பிள்ளையா நீ?"

ஈவாஞ்சலின் ஒன்றை அம்மாவிடம் கொடுத்துவிட்டு மற்றதைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் புதுச் சிலுவையை ஒட்டுவதற்காக டீச்சர் பழைய ஓலையைப் பிய்த்தாள். காய்ந்து சருகாகியிருந்தது, டேப்போடு சேர்ந்து வந்துவிட்டது. அது இருந்த இடத்தில், பிரைட்டனின் ரோஸ் சட்டை மேல், ஒரு சிலுவை நீலமாக நின்றது.

ஓலைக் கறை என்று நினைத்தாள். முந்தானையை நனைத்து ஓரத்தில் மெல்ல ஒற்றிப் பார்த்தாள். ஈரம் பட்ட இடத்தில் துணியில் நீலம் ஏறியது. படத்தைச் சட்டகத்திலிருந்து கழற்றினாள். சட்டகத்தின் விளிம்புக்குள் ஒளிந்திருந்த சட்டைக் கையிலும் ஒரு கீற்று நீலம். அந்த நீலத்தை அவள் ஏற்கெனவே பார்த்திருக்கிறாள், போலீஸ்காரர்களின் மேசை மேல். கிளைட்டன் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. மொதல்ல நீலம்தான் போவும்.

டீச்சர் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏளா ஈவா... சட்டை நீலம்ளா."

வாசலில் நின்ற ஈவாஞ்சலின் சொன்னாள்: "தெரியும்மா."

"தெரியுமா? அப்ப அன்னைக்கே வாயத் தொறந்து சொன்னா என்ன பாவி?"

"நீ சிரிச்சம்மா. அண்ணன் போனதுக்கப்புறம் அன்னைக்குத்தான் நீ சிரிச்ச. எனக்கு வாய் வரல."

"நான் காணிக்கை போட்டேனேளா! எம்புள்ளய அநாதையா மண்ணப் போட்டு மூடயில, நான் கோயில்ல எந்திச்சு நின்னு ஸ்தோத்திரம் சொன்னேனே!" டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவன் போனதிலிருந்து அடக்கி வைத்த அழுகை எல்லாம் அப்போது வந்தது. மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், அழுகையைத் தடுக்கவில்லை.

அழுகை ஓய்ந்த பிறகு ஈவாஞ்சலின் இரண்டாவது ஓலைச் சிலுவையை நீட்டினாள். "அவனுக்குத்தாம்மா இது. சாயங்காலம் போயி நட்டுட்டு வரலாம்னு வாங்குனேன்."

"எடம் தெரியுமா ஒனக்கு?"

"தெரியும். அப்பப்போ போயிட்டு வாரேன்."

டீச்சர் சிலுவையை வாங்கிக்கொண்டு எழுந்தாள். முகத்தைக் கழுவினாள், செருப்பைத் தேடிப் போட்டாள். வாசற்படியில் இறங்கியவள் நின்றாள்.

"அங்கன அவன் மேல வெயில் அடிக்குமாளா?"

"அடிக்கும்மா. ஒரு மரம் கெடயாது."

டீச்சர் திரும்பி உள்ளே போய்க் குடையை எடுத்துக்கொண்டு வந்தாள்.