செட்டிபாளையத்திலிருந்து ஓர் அழைப்பு

யன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டுவதுதான் ஹரல்டின் இரவு நிகழ்ச்சியில் முதல் வேலை. பிற்பகல் வெயில் அந்த மேல்மாடி அறைக்குள் எந்த இடுக்கால் நுழையும் என்பது அவருக்கு மனப்பாடம். கதிரையில் ஏறி நின்று, வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடி, துணியின் ஓரங்களைச் சட்டத்தோடு சேர்த்துக் குத்துவார். அதன்மேல் மட்டையில் வெட்டிய நிலாவைத் தொங்கவிடுவார். கீழே தெருவில் ஐஸ்பழக்காரனின் மணி ஓயும்வரை காத்திருந்து, தகப்பனின் கலியாணக் கோட்டை மாட்டிக்கொண்டு, கமெராவைப் பார்த்து ஒரு நல்ல கொட்டாவி விட்டு, "நித்திரை வரல்லையா? எனக்கும்தான்" என்பார். சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு அந்தக் கொட்டாவி மட்டக்களப்பு வீடுகளுக்குப் போய்ச் சேரும்.

நிகழ்ச்சி தொடங்கியது சமாதான ஒப்பந்தக் காலத்தில். ஒப்பந்தம் இருந்ததே தவிர, ஒன்பது மணிக்குப் பிறகு வாசலைத் தாண்டும் பழக்கம் ஊருக்குத் திரும்பியிருக்கவில்லை. அதனால் இரவைப் பகலிலேயே செய்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஹரல்ட் அடிப்படையில் தச்சர். போர்த்துக்கேயர் வழிவந்த தன்னுடைய பறங்கியர் கலியாணங்களில் வயலின்காரர் இளைப்பாறும் இடைவெளியில் மைக்கைப் பிடித்து, மாப்பிள்ளை வீட்டாரைச் சிரிக்க வைத்துப் பெண் வீட்டாரிடம் பேச்சு வாங்குவது அவருடைய பொழுதுபோக்கு. அப்படியொரு கலியாணத்தில்தான் கேபிள் தொலைக்காட்சி நடத்தும் வினாயகமூர்த்தி அவரைக் கண்டுபிடித்தார். வினாயகமூர்த்தியின் கம்பி கடற்கரை வீதியோடு தெற்கே களுவாஞ்சிக்குடி வரைக்கும் ஓடியது. அதன் வழியே ஹரல்டின் கோட்டும் கொட்டாவியும் ஓடின.

ஆனால் ஊர் பார்த்தது ஹரல்டை மட்டும் அல்ல. நிகழ்ச்சியின் நடுவில் மேசைமேல் இருக்கும் சிவப்புத் தொலைபேசி அடிக்கும்.

"ஹலோ, ஆரு கதைக்கிற?"

"செட்டிபாளையத்திலிரிந்து சீதேவிப்பிள்ளை கதைக்கிறன். ஏன் மகன், அந்தக் கோட்டு ஆருட? தோள் ரெண்டும் உங்களுக்கு முன்னமே வந்து குந்தியிரிக்கி."

"எங்கட அப்பாட கலியாணக் கோட்டு, அக்கா."

"அவர் இன்னும் உள்ளுக்குத்தான் இரிக்காரோ தெரியா. பாத்துக் கழட்டுங்க."

அவ்வளவுதான். மறுநாள் சந்தையிலும் பஸ்ஸிலும் இந்தக் கதைதான். அந்தச் சீதேவிப்பிள்ளை பக்கத்து அறையில் கால்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து பேசும் ஹரல்டின் மனைவி ஓட்றி என்பது வினாயகமூர்த்தியைத் தவிர எவருக்கும் தெரியாது. ஓட்றி கடலோர டச்பாரில் வீட்டிலிருந்தே சட்டை தைப்பவள். தெற்கே பல ஊர்ப் பெண்களும் அவளிடம் வருவார்கள். அவர்களில் செட்டிபாளையத்து ஆச்சிப்பிள்ளைக்கு அளவெடுப்பது என்றால் அரைநாள் போய்விடும். கையைத் தூக்கச் சொன்னால் கதையும் சேர்ந்து எழும்பும். மாடு வேலியைப் பிய்த்தது, கச்சேரிக்குப் போய் அதிகாரியை மடக்கியது, சம்பந்தி வீட்டில் சோற்றை விட்டு எழும்பியது எல்லாம். இரவில் ஓட்றி அடுப்படியில் நின்று அதே குரலில் அதைத் திரும்பச் சொல்வாள். சொல்லும்போது அவளுடைய கழுத்துக்கூட வேறொருத்தியின் கழுத்தாகிவிடும். அந்தக் குரல்தான் தொலைபேசியில் சீதேவிப்பிள்ளை ஆனது. ஹரல்ட் சிரித்துச் சிரித்துச் சோற்றில் புரையேறுவார். தன்னுடைய பகிடிகள் எல்லாம் உளியால் செதுக்கியவை, ஓட்றியுடையவை தாமாக முளைத்தவை என்று அவருக்குத் தெரியும். அதில் அவருக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

கடல் ஊருக்குள் வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் தேவாலயப் பூசையில் இருந்தார்கள். திரும்பிப் போக வீடு இருக்கவில்லை. தையல் மெசினின் இரும்புக்கால் மட்டும் ஒரு பனையடியில் கிடந்தது. அந்தத் தெருவில் இல்லாமல் போனவர்களைப் பற்றி இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. கோட்டைமுனையில் வாடகை வீடு கிடைத்தது. புதிய மெசின் வந்தது. கோட்டுக்கூட வினாயகமூர்த்தியின் மேல்மாடியில் தொங்கியதால் தப்பியிருந்தது. ஆறு மாதம் கழித்து நிகழ்ச்சியை மறுபடி தொடங்கியபோது ஓட்றி பக்கத்து அறைக்குப் போகவில்லை.

"ஆச்சியக்காவை அண்டைக்கு வரச் சொன்னது நான்" என்றாள். "நாலு சட்டையும் முடிஞ்சிது, காலத்தால வெள்ளன வாங்க, நான் கோயிலுக்குப் போயிருந்தா விறாந்தையில குந்துங்க எண்டு சொன்ன. வந்து குந்தியிருப்பா."

ஹரல்ட் ஒரு பஸ் கொண்டக்டரிடம் சொல்லி செட்டிபாளையத்தில் விசாரித்துப் பார்த்தார். அந்த மனிசியின் வீடு இருந்த இடத்தில் மணல்தான் இருக்கிறது என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு யுத்தம் மறுபடி வந்து, படுவான்கரைச் சனம் வாவியைக் கடந்து இந்தப் பக்கம் ஓடி வந்து, திரும்பிப் போய், யார் எந்த முகாமில் என்று எவருக்கும் தெரியாத நாட்கள் ஆகிவிட்டன. ஓட்றியும் மேலே கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம். நவம்பரில் இறந்தவர்களின் நாளன்று சேமக்காலைக்குப் போய்த் தன்னுடைய ஆட்களின் கல்லறைகளில் கொளுத்திய பிறகு, ஒரு மூலையில் தனியாக இரண்டு மெழுகுதிரி நட்டுவிட்டு வருவாள். அது யாருக்கு என்று ஹரல்ட் கேட்டதில்லை. சிவப்புத் தொலைபேசி மேசையில் சும்மா இருந்தது. நிகழ்ச்சி ஓடியது. சனம் பார்த்தது, கொஞ்சமாகச் சிரித்தது. வீட்டு அடுப்படியும் கொஞ்சம் சத்தம் குறைந்துதான் இருந்தது. மற்றபடி அவர்கள் சந்தோசமாக இல்லை என்று சொல்ல முடியாது. மாலையில் வாவிக்கரையில் நடந்தார்கள். பாண் வாங்கி வந்தார்கள். ஒருவருக்கொருவர் தேத்தண்ணி ஊற்றினார்கள்.

யுத்தம் முடிந்த அந்த வருடம், கொழும்பிலிருந்து ஆட்கள் கிழக்கைத் தேடி வரத் தொடங்கினார்கள். ஒருநாள் வினாயகமூர்த்தி படியேறி மூச்சு வாங்க வந்தார்.

"ஹரல்ட், கொழும்புச் சனலில இரிந்து கதைச்சவங்க. ஞாயிறு ராவுக்கு அரை மணித்தியாலம் தாறாங்களாம். ஒண்டு செஞ்சு அனுப்பிக் காட்டட்டாம். ஆனா அந்த மனிசியும் வேணுமாம்."

"எந்த மனிசி?"

"தெரியாத மாதிரிக் கேளுங்க! உங்கட கோட்டைப் பாக்கவா அவங்க காசு தரப் போறாங்க?"

ஹரல்ட் அன்று வீட்டுக்கு வழமையை விட மெதுவாக நடந்தார். கொழும்பு ஆசை அவருக்கு இல்லாமல் இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது, அதற்கு அவர் பெயர் வைத்திருக்கவில்லை. ஓட்றி ஒருதரம், அடுப்படியில் நின்று, யாருக்கும் இல்லாமல் அவருக்கு மட்டும், அந்தக் குரலில் ஒரு வார்த்தை பேசினால் போதும்.

"செத்த மனிசிட வாயை எடுத்துச் சிரிப்புக் காட்டச் சொல்றீங்களா, மென்?" என்றாள் ஓட்றி, ஊசியில் நூல் கோத்தபடி, பறங்கிப் பெண்கள் புருசனைக் கூப்பிடும் அந்த இங்கிலீசுச் சொல்லோடு. குரலில் கோபம் இல்லை. அதனால்தான் ஹரல்ட் அந்தப் பேச்சை அதோடு விட்டார். கொழும்புக்கு ஆடி முடிய மறுமொழி சொல்லலாம் என்று வினாயகமூர்த்தியிடம் தவணை கேட்டார்.

ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலிலிருந்து நேரடி ஒளிபரப்பு. வருடாவருடம் அதற்கு வர்ணனை சொல்வதும் ஹரல்ட்தான். வேதக்காரன் சொல்கிற தீர்த்த வர்ணனை என்று யாரும் குறை சொன்னதில்லை. ஒரு வருடம் அவர் காய்ச்சலில் படுத்தபோது வேறு ஆளைப் போட்டதற்குத்தான் வினாயகமூர்த்திக்குப் பேச்சு விழுந்தது. அன்று குளத்தைச் சுற்றித் தலைகளாக இருந்தது. ஈரச் சேலைகள், தேங்காய், வாழைப்பழம், தர்ப்பை, சாம்பிராணிப் புகை. ஹரல்ட் படிக்கட்டு ஓரமாக மைக்கோடு நின்று, முப்பது வருடத் துக்கத்தை ஒரே காலையில் கரைக்க வந்த சனத்தைப் பற்றி நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது பின்னால் ஒரு குரல் கேட்டது.

"ஐயா, அவசரப்படாதேங்க. என்ட புருசனுக்குச் செஞ்சாச்சு. இன்னொரு ஆளுக்கும் மோட்ச அர்ச்சனை செய்யணும்."

ஹரல்டின் வாயில் வசனம் நின்றுவிட்டது. அது அவருடைய மனைவியின் குரல். அதாவது, மனைவி பக்கத்து அறையிலிருந்து பேசிய குரல்.

"பேர்?" என்றார் குருக்கள்.

"ஓட்றி."

"நட்சத்திரம்?"

"பறங்கிப் புள்ளைக்கு என்ன நட்சத்திரம், ஐயா? வருசா வருசம் கேக்கிறீங்க, வருசா வருசம் நானும் இதைத்தான் சொல்றன். நல்லதாப் பாத்து ஒண்டைப் போடுங்க."

"வேதக்காரருக்கு அவங்கட கோயில்ல செய்வாங்கதானேம்மா."

"அவங்க செய்யிறதை அவங்க செய்யட்டும். நான் வாறன் எண்டு சொன்னபடியாத்தான் அவள் அண்டைக்கு வீட்டில நிண்டிருப்பாள். இது என்ட கணக்கு."

ஹரல்ட் திரும்பினார். நரைத்துச் சுருண்ட தலையில் நீர் சொட்ட, ஒல்லியான ஒரு பெண் தட்டோடு குந்தியிருந்தாள். கமெராவும் அவரோடு சேர்ந்து திரும்பியது. இடுப்பில் கைத்தொலைபேசி துடித்தது. வினாயகமூர்த்தியாகத்தான் இருக்கும், வர்ணனையைக் காணவில்லை என்று. ஹரல்ட் மைக்கைக் கீழே இறக்க மறந்து, அதிலேயே சொன்னார்.

"அக்கா, அதை நிப்பாட்டச் சொல்லுங்க. ஓட்றி வீட்டில இரிக்கா."

ஆச்சிப்பிள்ளை அவரை நிமிர்ந்து பார்த்தாள். கால் முதல் தலை வரை அளவெடுப்பதுபோல.

"நீங்களா? கோட்டுக்காரன்! மனிசியைக் கடல் கொண்டுபோயும் டிவியில நிண்டு சிரிக்கானே எண்டு நான் உங்களைப் பேசாத பேச்சில்ல. போனில அவள் கதைக்கிறதை நிப்பாட்டினாளே, அப்ப நான் என்னத்தை நினைக்கிற?"

"அந்தச் சீதேவிப்பிள்ளை அவதான் எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

"என்ட மாடு வேலியைப் பிய்ச்ச கதையை நான் வேற ஆருக்கிட்டச் சொன்ன?" என்றவள், திடீரென்று தட்டைக் கீழே வைத்துவிட்டு, ஈரச் சேலையின் தலைப்பால் முகத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

குருக்கள் பூவைக் கையில் வைத்தபடி இருவரையும் பார்த்தார். "இப்ப செய்யிறதா, விடுறதா?"

"இத்தனை வருசம் செஞ்சதைத் திருப்பி எடுக்க ஏலுமா, ஐயா?"

"அது எங்கயும் போகாது. இண்டைக்கு ஆயுள் கூடட்டும் எண்டு செய்வம்" என்று சொல்லி, அவர் தானாகவே ஒரு நட்சத்திரத்தையும் சொல்லிப் பூவைப் போட்டார்.

அவர்கள் முச்சக்கர வண்டியில் கோட்டைமுனை ஒழுங்கைக்குள் திரும்பியபோது ஓட்றி வாசல் படலையில் நின்றாள். கழுத்தில் அளவு நாடா. வீட்டுக்குள் தொலைக்காட்சி இன்னும் மாமாங்கக் குளத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. தன் பெயரில் நடந்த அர்ச்சனையை அவள் தைத்துக்கொண்டே கேட்டிருக்கிறாள். ஆச்சிப்பிள்ளை இறங்கி அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்து, புரட்டிப் பார்த்தாள்.

"அக்கா, அண்டைக்கு நீங்க வரல்லையா?"

"பல்லுக்குத்து, புள்ள. முகம் வீங்கி வாயைத் திறக்க ஏலாமக் கிடந்தன். தம்பி வந்து படுவான்கரைக்கு வைத்தியரிட்டக் கூட்டிப் போனவன். நான் வாயை மூடிக்கிட்டு இரிந்தது அந்த ஒரு நாள்தான்."

ஓட்றிக்கு அழுகை வந்தது. அதற்கு நடுவே மெழுகுதிரிகளைப் பற்றிச் சொன்னாள்.

"எத்தினை கொளுத்தின?"

"ரெண்டு."

"ரெண்டா! நான் உனக்குத் தேங்காய், பழம், வெத்திலை, பட்டுத்துண்டு எண்டு கும்பமா வச்சுச் செஞ்சன். நீ எனக்கு ரெண்டு மெழுகுதிரியா?"

இருவரும் உள்ளே போனார்கள். ஹரல்ட் படலையிலேயே நின்றார். தான் இப்போது உள்ளே போனால் அது குறுக்கீடு என்று தோன்றியது. சற்று நேரத்தில் ஓட்றி யன்னலால் எட்டி, அக்கா விடிந்ததிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, சுறுக்காக ஏதும் வாங்கி வாங்க என்று கத்தினாள்.

சந்திக் கடையில் நின்றபோதுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. அமாவாசை விரதக்காரி. கேக்கில் முட்டை இருக்கும். இடியப்பத்துக்குச் சம்பல் வாங்கினால் மாசிக் கருவாடு போட்டிருப்பார்கள். எதை வாங்குவது? வீட்டுக்குப் போன் அடித்தார். மணி நீண்ட நேரம் போனது. பிறகு யாரோ எடுத்தார்கள்.

"ஆரு கதைக்கிற?"

அந்தக் குரல்தான். பின்னால் இன்னொருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் மூச்சு வாங்குவது கேட்டது.

"ஓட்றியா?" என்றார்.

"ஏன் மகன், உங்களுக்கு ஆரு வேணும்?"

அவர் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். மறுபடி காதில் வைத்தார். கவனமாகக் கேட்டார், இழைப்புளி ஓட்டும் முன் மரத்தின் ஓட்டத்தைப் பார்ப்பதுபோல. யார் பேசுகிறார்கள், யார் சிரிக்கிறார்கள் என்று பிரிக்க முடியவில்லை. இடையில் டிக் டிக் என்று வேறோர் அழைப்பு வந்தது. வினாயகமூர்த்தியின் பெயர் திரையில் மின்னி, காத்திருந்து, அணைந்தது. கடைக்கார முஹம்மட் நானா கேக் பெட்டியின் மூடியை ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடி, எடுக்கவா வேண்டாமா என்று கண்ணால் கேட்டார். வெயில் தெருவெல்லாம் வெள்ளையாக விழுந்து கிடந்தது. ஹரல்ட் கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டிவிட்டு, தொலைபேசியைக் காதோடு இன்னும் நெருக்கமாக அழுத்திக்கொண்டார்.