கதவுக்கு எதிர்ச்சுவர்

1.
இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு பழைய தேயிலைப் பெட்டிக்குள். உள்ளே ஒட்டியிருந்த ஈயத்தாளில் என் நகம் பட்டு ஒரு கோடு விழுந்தது. தடவிப் பார்த்தேன், போகவில்லை. எனக்குப் பிடிக்காத வாக்கியத்தை நான் அடித்துவிடலாம். இந்தத் தாளில் படம் போடுகிறவளுக்கு அந்த வசதி கிடையாது. அவள் கை எவ்வளவு பயந்திருக்கும்? அவளுக்கு நீலாவதி என்று பெயர் வைத்தேன்.

2.
முதல் தொடக்கம்: "மலேசியாவின் கேமரன் மலையைப் பனி போர்த்தியிருந்த ஒரு காலை—" வேண்டாம். பனி பின்னால் தேவைப்படும்.

இரண்டாவது: 1974இல், கல்யாணத்துக்கு முன், நீலாவதி கொண்டை ஊசியால் ஈயத்தாளில் ஒரு சேவலை அழுத்தி எடுத்தாள். பிறகு சிங்காரத்தைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பெண் பிள்ளைகள். ஊசி கொண்டைக்கே திரும்பிவிட்டது.

(பத்து வருடத்தை ஒரே வரியில் தாண்டுகிறேன். அவள் அப்படித் தாண்டவில்லை. கொழுந்து பறிக்கும்போதெல்லாம் கட்டைவிரல் இலையின் நரம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தது.)

சின்னவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளுக்குத் திரும்பக் கிடைத்தது. தேயிலை ஆலையில் பெட்டி கட்டும் சிங்காரம் கிழிந்த ஈயத்தாளைச் சட்டைக்குள் சுருட்டிக் கொண்டுவந்தான். "இந்தா, உன் சேவலுக்கு," என்றான்.

3.
அவள் சேவல் போடவில்லை. படத்தில், தேயிலைச் செடி நிரையில் பெண்கள் குனிந்து கொழுந்து பறிக்கிறார்கள். ஒருத்தி மட்டும் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். கதவுக்கு எதிர்ச்சுவரில் கஞ்சிப் பசையால் ஒட்டினாள்.

அடுத்த வாரம், ஈயத்தாள் எடுத்ததற்காக, ஆலையில் சிங்காரத்தோடு பெட்டி கட்டும் இருளப்பனுக்குச் சீட்டுக் கிழிந்தது. வேலையோடு, தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீடும் போனது.

"நீலா, பிச்சு அடுப்புல போட்டுடு," என்றான் சிங்காரம், மறுநாள் விடியற்காலையில்.

"கிழிஞ்ச தாளுதானே?"

"கிழிஞ்சதும் துரையோடதுதான்லா. கிராணி கண்ணுல பட்டா நாம ரோட்டுல."

"நீங்கதானே கொண்டாந்தீங்க."

"அதான் பயமா இருக்கு."

அவன் போன பிறகு ஓர் ஓரத்தை நகத்தால் கிளப்பினாள். சரசரவென்று—

கிளப்பினாள், விட்டுவிட்டாள். மலைக்குப் போனாள்.

4.
வீட்டு வாசல் கிழக்கே, மலைச்சரிவைப் பார்த்தது. கதவு திறந்திருந்தால் காலை வெயில் நேராக எதிர்ச்சுவரில் விழும். ஈயத்தாளில் விழுந்த வெயில் சும்மா இருக்காது. மலை முழுக்கத் தெரியும்.

பக்கத்து நிரை மணியம்மா கீழே பார்த்தாள். "என்ன நீலாவதி, கதவைப் பப்பரப்பான்னு திறந்து போட்டு வந்திருக்கே. ஆடு நுழைஞ்சா சோறு மிஞ்சாது."

லயத்தின் மேல் மூடுபனி மறுபடி இறங்கிக்கொண்டிருந்தது. கொழுந்து நிறுக்கும் இடத்தில், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பக்கிரிசாமி, முகம் லயத்தைப் பார்க்க, தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றார்.

5.
கதவை யார் திறந்து போட்டது? 'அவசரத்தில் சின்னவள் சாத்த மறந்துவிட்டாள்' என்றுதான் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.* பிள்ளைகள் போன பிறகு கடைசியாக வெளியே வந்தவள் நீலாவதி. தாழ்ப்பாளில் கை வைத்தவள், சுவரை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையை எடுத்தாள். ஏனென்று நான் கேட்டேன். அவள் கூடையை மாட்டிக்கொண்டு மலையேறினாள்.

* நீங்கள் அந்த வாக்கியத்தையே நம்பலாம். அவளுக்கு அது பாதுகாப்பு.

6.
பனி என் கையில் இருக்கிறது. அப்படியே நிறுத்தினால் வேலையும் வீடும் தப்பும். சும்மா உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணை யாரும் பார்க்கமாட்டார்கள். விலக்கினால் நிரையில் நிற்கும் அத்தனை பேரும் பார்ப்பார்கள். கிராணியும்.

பனி மெலிந்தது. தகரக்கூரை தெரிந்தது.

"வெயில் வருது," என்றாள் மணியம்மா. அவளுக்கும் படம் தெரியும். குரலைத் தாழ்த்தினாள். "ஓடிப்போய்ச் சாத்திட்டு வாடி. கூடையை நான் பார்த்துக்கறேன்."

நீலாவதி கூடையை இறக்கிவைத்தாள்.

ஓடுவதற்கா, உட்காருவதற்கா, எனக்குத் தெரியவில்லை. ஆனால் இந்த வரியை அடிக்கமாட்டேன். ஈயத்தாளில் விழுந்த கோடுபோல் கிடக்கட்டும். பனியை உங்களிடம் தருகிறேன். கிராணி குவளையைக் கீழே வைக்கிறார்.