இல்லாத கிளட்ச்

பன்னிரண்டு பேர் உட்காரும் வேனைத் தவிர வேறெதையும் அவர் வண்டி என்று ஒத்துக்கொண்டதே கிடையாது. நடுத்தரக் கார் அவர் கணக்கில் தொட்டில், சின்னக் கார் தீப்பெட்டி. சக டிரைவர்கள் அவருக்குப் 'பெரியவண்டி' என்றே பேர் வைத்திருந்தார்கள். சர்க்கரை நோய் முற்றி, இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்த பிறகும் அந்தப் பேர் போகவில்லை.

நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகும் கம்பெனி அது. பெரிய வண்டிகள் எல்லாமே கிளட்ச் மிதித்து ஓட்டுவது. அதற்கு இடது கால் வேண்டும். ஆட்டோமேட்டிக் என்று இருந்தது ஒரே ஒரு தீப்பெட்டிதான்.

"இதை ஓட்டிக் காட்டுங்கண்ணே. சரியா வந்துட்டா நாளையிலேர்ந்து வேலைக்கு வாங்க. இல்லேன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்றார் மேனேஜர். வயதில் சின்னவர். முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் அவருக்கு இல்லை.

பின் சீட்டில் நோயாளிக்குப் பதிலாகப் பெரியவண்டியின் மனைவி உட்கார்ந்தாள். மேனேஜர் முன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்.

"டி-யில போட்டா அதுவே கியர் மாத்திக்கும். சரிவுல மட்டும் எல்-லுக்குக் கொண்டுவாங்க, இன்ஜினே வண்டியைப் பிடிச்சுக்கும்."

தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பினார். வேகம் கூடியதும், வேனில் இரண்டாவது கியர் போடும் அதே இடத்தில், செயற்கைக் கால் கிளட்சைத் தேடி ஓங்கி மிதித்தது. அங்கே இருந்தது அகலமான பிரேக். வண்டி குலுங்கி நின்றது. மனைவியின் நெற்றி முன் சீட்டில் மோதியது. அடுத்த திருப்பத்திலும் அதே கதை. பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனை அடித்தே வைதான்.

"அண்ணே, இடது காலுக்கு இதுல வேலையே இல்லண்ணே."

"எனக்குத் தெரியுதுப்பா. அதுக்குத் தெரியல."

"போதும்ணே. திரும்பிடலாம்."

ஓரமாக நிறுத்தினார். எதிரே பாலம் ஏறி, ஆஸ்பத்திரி வாசல்வரை செங்குத்தாக இறங்கியது. இருபத்தாறு வருஷம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிய வழி.

ஏழு மாதமாக அவர் அந்தக் காலை யார் முன்னாலும் கழற்றியதில்லை. வீட்டில்கூடக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டுதான். மருந்து போடட்டுமா என்று மனைவி கேட்ட அன்று கன்னாபின்னாவென்று கத்தியிருக்கிறார்.

இப்போது பேன்ட்டை முழங்காலுக்கு மேலே சுருட்டினார். வார்களை அவிழ்த்தார். திரும்பாமலே பின்பக்கம் நீட்டினார்.

"இந்தா. பிடி."

ஷூவோடு இருந்த காலை அவள் இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாலம் ஏறி இறங்க ஆரம்பித்ததும் கை தானாக எல்-லுக்குப் போனது. கூடவே, இல்லாத இடது கால் கிளட்சைத் தரைவரை மிதித்தது. குதிகால் முதல் சுண்டுவிரல்வரை அவருக்குத் தெரிந்தது. ஆனால் அங்கே மிதிபட எதுவும் இல்லை. இன்ஜின் உறுமி வண்டியைப் பிடித்துக்கொள்ள, அது நிதானமாக இறங்கி வாசலில் போய் நின்றது.

கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

"காலையில ஆறு மணிக்கு வந்துடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு மேனேஜர் இறங்கிக்கொண்டார்.

கண்ணாடியில் பார்த்தார். அவள் கைக்குட்டையால் அந்த ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கழட்டும்போது பார்த்தேன், வார் பட்ட இடமெல்லாம் புண்ணா இருக்குங்க. வீட்டுக்குப் போனதும் நான் மருந்து போடட்டுமா?"

அன்று கேட்ட அதே கேள்வி.

"போடு" என்றார்.